உங்கள் குடியிருப்புக்கு ஒரு சந்தை

மதுரை,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தளர்நடை போடத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கு அனைவரும் நலம். கண் புரை அறுவைக்குப் பிறகு எழுத்து தெளிவாகத் தெரிவதால் இம்முறை சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஞாயிறுதோறும் செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகளை வரவழைத்து, உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகத்திலேயே காய்கறி விற்கச் செய்யலாமா என்று சங்கத்தார் யோசிப்பதாக எழுதியிருந்தாய். மதுரைக்காரனிடம் யோசனை கேட்டது பொருத்தம்தான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே நாளில் நூறாவது சந்தை உங்கள் பக்கத்துப் பல்லாவரத்துக்கு வந்துவிட்டது. யோசனை என்னவோ வடக்கிலிருந்து வந்ததுதான். பஞ்சாபில் 1987இலேயே ‘அப்னி மண்டி’ இருந்தது, ஆந்திரத்தில் 1999 தொடக்கத்தில் ‘ரைத்து பஜார்’ வந்தது. இதைத் தொடங்கிவைத்த கட்சி 2001இல் ஆட்சியை இழந்தபோது நம் சந்தைகளில் பல களையிழந்து கிடந்ததும், 2006இல் அது திரும்பி வந்தபிறகு மீண்டும் உயிர்பெற்றதும் உனக்கு நினைவிருக்கும். கத்தரிக்காய்க்கும் கட்சி உண்டு என்று அப்போது இங்கே கேலி பேசுவார்கள்.

காலையில் நடைக்குப் போகும்போது சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது என் வழக்கம். அங்கே நான் முதலில் பார்ப்பது காய்களை அல்ல, விலைப் பலகையை. விடியும் முன்பே மொத்தச் சந்தையின் விலையைக் கேட்டறிந்து, அதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூட்டியும் வெளிக்கடைகளின் சில்லறை விலையைவிட 15 சதவீதம் போலக் குறைத்தும், அலுவலர்களும் உழவர்களும் சேர்ந்து அன்றைய விலையை முடிவுசெய்து எழுதிப்போடுகிறார்கள். மண்டிக்குக் கொண்டுபோனால் கமிஷன், இறக்குக்கூலி, கழிவு என்று பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். இங்கே கடைக்கு வாடகையும் கிடையாது, தரகும் கிடையாது, தராசும் இலவசம். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் ஒரே பலகை கண்ணெதிரே இருப்பதால் பேரம் பேசி மனம் கசக்க இடமில்லை. விலை குறைவு என்பதைவிட இந்த நிம்மதிக்காகத்தான் வயதானவர்கள் தேடி வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, அடையாள அட்டை. எந்த ஊர், எவ்வளவு நிலம், என்ன பயிர் என்பதையெல்லாம் அதிகாரிகள் சரிபார்த்த பிறகே புகைப்படத்துடன் அட்டை தருகிறார்கள். தன் வயலில் விளைந்ததைத் தானோ தன் வீட்டாரோ விற்க வேண்டும் என்பதே விதி. விதியின் கதி வேறு. பல ஊர்ச் சந்தைகளில் வியாபாரிகள் உழவர் வேடத்தில் நுழைந்துவிட்டார்கள் என்ற புகார் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. எல்லோரும் வியாபாரியைத் திட்டுகிறார்கள். நான் யோசித்துப் பார்த்தவரையில், அவரை உள்ளே அழைத்து வருவது வாங்கும் நாம்தான். ஒரே இடத்தில் வெண்டைக்காயும் வேண்டும், கேரட்டும் வேண்டும், உருளைக்கிழங்கும் வேண்டும், ஐப்பசி மழையிலும் தக்காளி வேண்டும் என்று கேட்டால் ஒரு ஏக்கர்க்காரர் எங்கே போவார்? முதலில் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கி வருவார், பிறகு மண்டியில் வாங்கி வருவார், கடைசியில் பயிரிடுவதை விட்டுவிட்டு அதையே தொழிலாக்கிக்கொள்வார். எங்களுக்காவது கொடைக்கானல் மலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு மண்ணில் கீரை, கத்தரி, வெண்டை, சுரை, புடலை எல்லாம் நன்றாக வரும்; கேரட்டும் பீன்ஸும் ஊட்டிப் பக்கத்திலிருந்து கோயம்பேட்டுக்கு வந்து அங்கிருந்துதான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என்னென்ன கிடைக்காது என்பதை முதல் கூட்டத்திலேயே குடியிருப்போருக்குச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லத் தயங்கினால் ஆறே மாதத்தில் கோயம்பேட்டின் ஒரு கிளை உங்கள் வாசலில் இருக்கும்.

கீரையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். லாரியில் நெடுந்தூரம் வரப் பொறுக்காத பொருள் அது. இங்கே வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் விடியலில் முதல் பேருந்தில் வருகிறார். நனைத்த சாக்கை விரித்து அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று வரிசையாக அடுக்கிவைத்திருப்பார். வாழைநாரால் கட்டிய கட்டுகள், வேரில் ஈர மண் அப்படியே ஒட்டியிருக்கும். வேரை அறுத்துக் கழுவிக் கொண்டுவந்தால் பார்வையாக இருக்குமே என்று ஒருமுறை கேட்டேன். “கழுவிட்டா பத்து மணிக்கே தலை சாஞ்சிரும் சார், மண்ணு இருந்தாத்தான் அது உசுரோட இருக்கும்” என்றார். கட்டு வாங்கினால் கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலை கொசுறாக விழும். எட்டு மணிக்குள் அவர் சாக்கு காலியாகிவிடும். ஊருக்குத் திரும்பி அன்றைய களையெடுப்பையும் பார்த்துவிடுவார்.

அந்த அம்மாளுக்கு அமைந்தது எல்லோருக்கும் அமைவதில்லை. பூச்சி விழாத, அன்று விடியலில் பறித்த கத்தரிக்காய்க்கும், நேற்றுப் பறித்துக் காம்பு சுருங்கிய கத்தரிக்காய்க்கும் பலகையில் ஒரே விலை என்பது நல்ல விளைச்சல்காரருக்கு வருத்தம்தான். பக்கத்துக் கடைக்காரரைவிடச் சீக்கிரம் விற்றுவிட்டுப் போகலாம் என்பதே அவருக்குக் கிடைக்கும் கூலி. நீங்கள் முதல் தரம், இரண்டாம் தரம் என்று இரண்டு விலை வைத்துப் பாருங்கள். விற்காமல் நின்றுபோகும் காய் இன்னொரு தலைவலி. வெயில் ஏறியபின் அதைத் திரும்பச் சுமந்து போக யாரும் விரும்புவதில்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். உங்கள் சங்கத்துக்குப் பணவசதி உண்டு என்கிறாய். மிஞ்சியதைப் பலகை விலைக்கே வாங்கி, பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ கொடுத்துவிடுகிறோம் என்று வாக்களித்தால், மழையிலும் அவர்கள் வருவார்கள்.

‘இயற்கைக் காய்கறி’ என்று பலகை வைக்க வேண்டும் என்று உங்கள் செயலாளர் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தாய். சான்று இல்லாமல் அந்தச் சொல்லைப் பலகையில் ஏற்ற வேண்டாம். கோவையில் அதற்கென்று அரசின் சான்றளிப்புத் துறை இருக்கிறது. சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் ஆய்வுசெய்து சான்று பெறும் பங்கேற்பு உறுதியளிப்பு முறையும் இருக்கிறது. அதுவரைக்கும் விவசாயியின் பெயர், ஊர், என்றைக்குப் பறித்தது என்ற மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். என்ன மருந்து அடித்தார், எப்போது அடித்தார் என்பதை வாங்குகிறவர் நேரிலேயே கேட்கட்டும். முகம் தெரிந்தவரிடம் பொய் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

விலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றதே, அன்று உங்கள் குடியிருப்பில் எல்லோரும் விவசாயியை வாழ்த்தியிருப்பார்களா, வைதிருப்பார்களா? தக்காளி ஐந்து ரூபாய்க்கு விழுந்து பறிக்கும் கூலிக்கே கட்டாமல் வயலிலேயே விட்டுவிடுகிற நாளில் நம்மில் ஒருவரும் பத்து ரூபாய் கொடுக்க முன்வருவதில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிவிலை ஒன்றை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். மண்டி விலை அதற்குக் கீழே போனாலும் நீங்கள் அதைக் கொடுக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்கிற வீடுகள் எத்தனை என்று முதலில் ஒரு கணக்கெடுத்துப் பார். பாதி வீடுகள் கைதூக்கினாலே துணிந்து தொடங்கலாம். பத்து வீடுதான் தேறும் என்றால் இந்த ஏற்பாடு வேண்டாம். நீங்கள் பத்துப் பேரும் பல்லாவரம் சந்தைக்குப் போய் வாங்கிக்கொள்வதே நல்லது. விடியலில் எழுந்து போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். பச்சை மொச்சையும் மஞ்சள் கொத்தும் அப்போது சந்தையில் குவிந்துகிடக்கும்; மொச்சைக் குழம்பு வைப்பதாக வீட்டில் இப்போதே சொல்லிவிட்டார்கள். சங்கத்துக் கூட்டத்தில் என்ன முடிவானது என்பதை அதற்கு முன்பே ஒரு வரி எழுதிவிடு. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் மதுரை நண்பன்