திட்டம் தீட்டும்போதே கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நலத்திட்டங்களை வீடுவீடாகக் கொண்டுசேர்க்க மாநில அரசுகளுக்குத் தன்னார்வ அமைப்புகள் வேண்டும். கொள்கை வகுக்கும் கூட்டத்தில் மட்டும் அவர்களுக்கு நாற்காலி இல்லை. இது சரியல்ல.

கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் சிலர் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, ஊர்க்காரர்களையே தொண்டர்களாக்கிப் பரவியது. படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வீட்டாருக்குச் சொல்லித் தருவது, மாத்திரை தீரும் முன்பே விசாரிப்பது என்று எல்லாம் வீட்டுக்குள் நடந்த வேலை. எந்தக் கோப்பிலும் அகப்படாத அந்த அனுபவத்தின் மேல்தான் 2008இல் மாநில அரசின் கொள்கை எழுந்தது. இன்று உள்ளாட்சிகளே செவிலியரை அமர்த்தி வீட்டுப் பராமரிப்பு தருகின்றன. அரசின் பணமும் தொண்டர்களின் அனுபவமும் சேர்ந்ததால் வந்த பலன் இது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலோ தன்னார்வத் துறையோடு அரசு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குச் சட்டமே உண்டு.

அதற்காக அரசு தன் கடமையை இவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. ஓய்வூதியமும் மருத்துவமும் மக்களின் உரிமை. நன்கொடை வந்தால் கிடைக்கும், வராவிட்டால் இல்லை என்ற நிலை வரவே கூடாது.

அமைப்புகளும் வரவு செலவைப் பொதுவில் வைக்கட்டும். அரசு, ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தம் போட்டு நிதியை இழுத்தடிப்பதை விட்டு, மூன்றாண்டுக்காவது உறுதி தரட்டும். வரைவு நிலையிலேயே அவர்களிடம் கருத்துக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்