ஸ்பீக்கரில் கேட்க முடியாத கேள்வி

கண்ணம்மா,

நேற்று அரைமணி நேரம் பேசினோம். அதில் உன் பிரஷரைப் பற்றி நீ சொன்னது ஒரே வரி: "டெல்மிசார்டன் 40, காலையில் ஒண்ணு, அவ்வளவுதாம்மா." நானும் சரி என்று வைத்துவிட்டேன். படுத்த பிறகுதான் உறுத்தியது. நீ போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்னொரு குழந்தை பற்றி யோசிக்கிறோம் என்று போன மாதம் சொன்னாயே, அதை இந்த டாக்டரிடம் சொன்னாயா? அவர் கேட்காவிட்டாலும் நீ சொல்ல வேண்டும். டெல்மிசார்டன், லோசார்டன் என்று 'சார்டனி'ல் முடிகிற மாத்திரைகளும், எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரிலி'ல் முடிகிறவையும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. நான்காம் மாதத்துக்கு மேல் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீரும் குறைந்துபோகும். உண்டான பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. உண்டானது தெரிவதற்குள்ளேயே ஐந்தாறு வாரம் ஓடியிருக்கும். அந்தச் சமயத்துக்கென்று லபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின் எல்லாம் இருக்கின்றன. உனக்கு எது என்பதை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். அதற்காக இதைப் படித்த கையோடு மாத்திரையைத் தூக்கி எறியாதே, முதலில் அவரிடம் பேசு. நாள் தள்ளிப்போயிருந்தால் மட்டும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடு.

தூக்கி எறியாதே என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? நான் அதைச் செய்தவள். அப்போது எனக்கு அட்டெனலால் என்று வேறு வகை பிரஷர் மாத்திரை. மெஷினில் பார்த்தால் 120, 80. இனி எதற்கு என்று அட்டை தீர்ந்ததும் வாங்காமல் விட்டேன். மூன்றாம் நாள் நெஞ்சு படபடவென்று அடித்தது, மார்பில் கல்லை வைத்த மாதிரி ஒரு இறுக்கம். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உனக்குப் பரீட்சை நேரம் என்று அப்பாவும் நானும் உன்னிடம் மூச்சு விடவில்லை. அந்த வகை மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். உன்னுடையது அப்படி எகிறாது, ஆனால் பிரஷர் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவும் நல்லதில்லை. ஒரு வேளை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்டாதே.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பிறகு எனலாப்ரிலுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் வறட்டு இருமல், ராத்திரி தூக்கமே இல்லை. இருமலுக்கு வேறொரு டாக்டரிடம் போனேன். அவரிடம் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லவே இல்லை. போதாததற்கு அதிமதுரத்தை வேறு மென்றேன். அதுவே பிரஷரை ஏற்றும் என்று யார் கண்டது! கடைசியில் இருமலுக்குக் காரணமே எனலாப்ரில்தான். லோசார்டனுக்கு மாற்றி இரண்டு மூன்று வாரத்தில் இருமல் நின்றது. (இந்த 'ப்ரில்' மாத்திரைகளுக்கு மூலம் பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷமாம். அப்பா எங்கோ படித்துவிட்டு, "உங்கம்மாவைப் பாம்பு கூட ஒண்ணும் செய்யல, இருமல்தான் வந்துச்சு" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.)

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். தலைவலி என்றால் கேட்காமலே இபுப்ரோஃபென் போடுவாயே, அந்தப் பழக்கத்தை விடு. அதுவும் டைக்ளோஃபெனாக்கும் பிரஷரை ஏற்றும். உன் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் பாரம், அதிலும் நீர் பிரியும் மாத்திரை கூட இருந்தால் இன்னும் மோசம். பாரசிட்டமால் சரியான அளவில் போதும். மூக்கடைப்புக்கு வாங்கும் சளி மாத்திரைகளிலும் பிரஷரை ஏற்றும் மருந்து இருக்கும், கடையில் கேட்டு வாங்கு. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பில் நீர் வற்றும் நாட்களில் இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே டாக்டரைக் கேள். 'சோடியம் குறைந்த உப்பு' பிரஷருக்கு நல்லது என்று யாராவது சொன்னால் உடனே வாங்கிவிடாதே. அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம். உன் மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும், இரண்டும் சேர்ந்தால் அளவு மீறிவிடும். மாத்திரை ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்கச் சொல்லியிருப்பார்களே, போனாயா?

காலையில் படுக்கையிலிருந்து துள்ளி எழாதே. கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் எழுந்திரு. முதல் சில நாட்கள் தலை சுற்றலாம்.

பிரஷர் பார்க்கும்போது மாடிப்படி ஏறிவந்த மூச்சோடு பார்க்காமல், காபி குடித்த உடனேயும் பார்க்காமல், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுப் பார். மெஷின் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாதே, ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை பார். ஆனால் 180, 120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

குழந்தை விஷயம் உங்கள் இருவருடையது. அதில் நான் அபிப்பிராயம் சொல்லவில்லை, மாத்திரையைப் பற்றித்தான் கேட்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கூப்பிட்டுச் சொல். ஸ்பீக்கர் போடாமல்.

அம்மா