வாகனத்துக்குக் காப்புறுதி இருக்கிறது, ஆட்களுக்கு?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் நெல் ஆலை, மர ஆலை நடத்தும் முதலாளிமாருக்கும் கட்டட ஒப்பந்தகாரருக்கும்,

வணக்கம். உங்களில் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். கோப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியும். டிப்பருக்கும் உழவு இயந்திரத்துக்கும் காப்புறுதி நாள் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது. இல்லையென்றால் ஏ-9 வீதியில் பொலிஸ் மறிக்கும். மில்லில் ஓடுகிற இயந்திரப் பட்டிக்குப் (பெல்ட்) பக்கத்தில் நின்று மூட்டை பிடிக்கிற பொடியனுக்கு ஒரு காப்புறுதித் துண்டும் இல்லை. அவனுக்காக யாரும் உங்களை மறித்துக் கேட்பதில்லை.

“அதுகள் நாட்கூலிதானே, கடிதம் கொடுத்து எடுத்த ஆட்களா?” என்பீர்கள். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வாயால் பேசி வேலைக்கு எடுத்தாலும் அதன் கண்ணில் அது ஒப்பந்தம்தான். உங்கள் தொழிலுக்காக வேலை செய்யும்போது, அந்த வேலையால் விபத்து வந்தால் நட்டஈடு உங்கள் பொறுப்பு. காப்புறுதி எடுக்காவிட்டால் பொறுப்பு போய்விடாது, காசு உங்கள் பெட்டியிலிருந்து போகும், அவ்வளவுதான். வேலையைத் துணை ஒப்பந்தகாரரிடம் விட்டுவிட்டேன் என்று கையைக் கழுவவும் முடியாது. முதலில் நீங்கள் கட்டி, அப்புறம் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

2022இல் வந்த திருத்தத்தை உங்களில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. உச்ச நட்டஈடு ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாகிவிட்டது. வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் உள்ளே வந்துவிட்டது. விடியப்புறம் விசுவமடுவில் ஆட்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறீர்களே, அந்தப் பயணமும் இனி உங்கள் கணக்கில்தான்.

ஒரு மில்லில் பட்டி இழுத்து ஒருவரின் இரண்டு விரல்கள் போயின. முதலாளி கெட்டவர் இல்லை. ஆசுபத்திரிக்கு வான் பிடித்தார், வீட்டுக்கு அரிசி அனுப்பினார், கடைசியில் ஒரு கடித உறையில் காசு வைத்துக் கொடுத்து, “இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிய தாளில் பெருவிரல் அடையாளம் வாங்கினார். அந்தத் தாள் எதற்கும் உதவாது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இணக்கமாகத் தீர்த்தாலும் அதை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிய வேண்டும். ஆள் இறந்துவிட்டால் காசை ஆணையாளரிடமே வைப்பிலிட வேண்டும். செத்தவீட்டில் மனைவியின் கையில் திணித்துவிட்டு வருவது கணக்கில் சேராது.

காப்புறுதி எடுத்த சிலரும் இருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அதிலும் ஒரு கள்ளம் நடக்கிறது. காப்புறுதிக் கட்டுப்பணம் நீங்கள் காட்டுகிற சம்பளத் தொகையையும் வேலையின் ஆபத்தையும் பார்த்துத்தான் போடப்படும். அதைக் குறைக்க மூன்று பேரைக் காட்டிவிட்டு, அறுவடைக் காலத்தில் பதினைந்து பேரை இறக்குகிறீர்கள். விபத்து வந்தால் கம்பனி முதலில் கேட்பது சம்பளப் புத்தகத்தை. அதில் பெயர் இல்லாதவனுக்காக நீங்கள் என்ன வாதாடுவீர்கள்?

காலபோக அறுவடை தொடங்க முன் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். சங்கமாகச் சேர்ந்து இரண்டு மூன்று கம்பனிகளிடம் விலை கேட்டுப் பாருங்கள். பருவத்துக்கு வரும் ஆட்களின் பெயரும் கூலியும் முதல் நாளே புத்தகத்தில் ஏறட்டும். புத்தகத்தை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கெழுத்தாளர் ஒருவர்