பாப்பா எடை எவ்வளவு?

கொட்டாம்பட்டி
ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கப்பாவுக்குச் சர்க்கரை போன வாரம் கொஞ்சம் கூடியிருந்தது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பைவிட விலை ஜாஸ்தி. போனில் இதையெல்லாம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்குக் குக்கர் விசிலடித்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ போன வாரம் சொன்னது மனசிலேயே கிடக்கிறது. "2024-25ல தமிழ்நாட்டுப் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்திருக்கும்மா. ஆனா நம்ம மேலூர்க்காரங்க வந்த டங்ஸ்டன் சுரங்கத்தையும் விரட்டிட்டு உக்காந்திருக்கீங்க. உங்களுக்கெல்லாம் வளர்ச்சியே பிடிக்காது" என்றாய். மற்றதை விடு. எனக்கு வளர்ச்சி பிடிக்காது என்றாயே, சிரிப்புதான் வந்தது. 37 வருஷம் நான் பார்த்த உத்தியோகமே வளர்ச்சியைக் குறித்து வைக்கிற உத்தியோகம்தானடா.

உனக்கு ஞாபகம் இருக்காது. உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது 1980இல். முதலில் வந்தது நம் கொட்டாம்பட்டி ஒன்றியத்துக்குத்தான். நான் 1984இல் சேர்ந்தேன். பிறகு எல்லாம் அங்கன்வாடி ஆகிவிட்டது, ஊர்க்காரர்களுக்கு என்றைக்கும் பால்வாடி டீச்சர்தான். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு மாதாமாதம் எடை போட வேண்டும். உத்திரத்தில் ஒரு கொக்கி, அதில் தராசு, அதற்குக் கீழே கால் விட இரண்டு ஓட்டை வைத்துத் தைத்த துணிப்பை. பிள்ளையை அதில் தொங்கவிட்டால் வீறிட்டு அழும், காலை உதைக்கும், முள் அங்கேயும் இங்கேயும் ஆடும். அழுதழுது மூச்சை இழுக்கும் பார், அந்த ஒரு நொடி முள் நிற்கும். அப்போது படித்துவிட வேண்டும். விட்டால் அடுத்த மூச்சுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நீயும் அதில் தொங்கி என் சேலையை நனைத்தவன்தான்.

படித்த எடையை அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு போடுவோம். கோடு ஏறினால் சரி. ஏறாமல் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு 90 நாள் சத்து உருண்டை, அம்மாவுக்கு நம் புத்திமதி. அந்த அட்டைக்குப் பெயர் வளர்ச்சி அட்டை. அதில் சராசரி கிடையாது தம்பி. ஊர்ப் பிள்ளைகள் எடையை எல்லாம் கூட்டி வகுத்து, "நம்ம ஊரு நல்லா வளருது" என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. தனித்தனி அட்டை. ஒரு பிள்ளையின் கோடு படுத்தால், ஏன் என்று நடந்துபோய் அந்த வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டும்.

அப்படி நின்ற வாசல் ஒன்று எனக்கு மறக்காது. 1990களில் கிரானைட் குவாரி வந்து இந்தப் பக்கமெல்லாம் பணம் புரண்ட நேரம். ஒரு வீட்டில் அப்பா குவாரியில், அம்மாவும் கல் ஷெட்டில். இரண்டு கூலி. ஓட்டு வீட்டுக்குள் புது டிவி. ஒன்றேகால் வயசுப் பிள்ளை மூன்று மாதமாக ஏழு கிலோவைத் தாண்டவில்லை. கண் தெரியாத பாட்டிதான் பார்த்துக்கொண்டது. டீயில் பிஸ்கட்டை நனைத்து வாயில் வைத்தால் அழுகை நிற்கிறது என்று காலை, மதியம் இரண்டு வேளையும் அதையே கொடுத்திருக்கிறது. தாய் இருட்டிய பிறகு வந்து சோறாக்குவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். அப்பன் கூலியில் பாதி வீடு வந்து சேராது. உன் கணக்கில் பார்த்தால் டீ, பிஸ்கட், டிவி, சாராயம், ஏற்றுமதியான கல் எல்லாமே வளர்ச்சி. என் அட்டையில் கோடு கம்பி மாதிரிப் படுத்துக் கிடந்தது.

இதைச் சொன்னதும் "அம்மா மறுபடி பழைய காலப் பாட்டு" என்று நினைக்காதே. காசு வேண்டாம் என்று சொல்ல நான் சாமியாரில்லை. மழை பொய்த்த வருஷங்களில் ஒரு பிள்ளை இரண்டு பிள்ளை என்றில்லை, வரிசையாக அத்தனை அட்டையிலும் கோடு சரியும். நூறு நாள் வேலைக்கூலி கையில் வர ஆரம்பித்ததும் பெண்கள் முட்டை வாங்கினார்கள், நானே பார்த்தேன். 2011லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். 2022 செப்டம்பரில் காலைச் சாப்பாட்டுத் திட்டத்தை நம் மதுரையில்தான் தொடங்கி வைத்தார்கள். இதெல்லாம் ஆகாயத்திலிருந்தா வருகிறது? தொழில் நடந்து, வரி வந்தால்தானே சட்டியில் உப்புமா வேகும். அதை மறுக்கிறவர்கள் பசித்த வீட்டைப் பார்க்காதவர்கள்.

ஆனால் அந்த 11.19க்குள் என்ன இருக்கிறது என்று நீதான் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தாய். மதுரையில் பி.ஏ. படிக்கும்போது, நான் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த திண்ணையில் உட்கார்ந்து, "அம்மா, நீ தொடுத்து நீயே வச்சுக்கிட்டா கணக்குல சைபர். இதையே மாட்டுத்தாவணியில வித்தா நாட்டு வருமானம்" என்றாய். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்சே, ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானத்தை வைத்து ஊகிக்க முடியாது என்று 1934லேயே அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதிவிட்டார் என்றாய். பெயர் வாயில் நுழையாததால் நான்கு தடவை கேட்டேன், அதனால் இன்னும் மறக்கவில்லை. நீ மறந்துவிட்டாய் போல. பெங்களூர் டிராபிக்கில் நின்றபடி நீ எரிக்கிற பெட்ரோலும், உங்கப்பாவின் விலை கூடிய மாத்திரையும் அந்தக் கணக்கில் ஏறத்தானே செய்யும்?

உன் அப்பத்தா கதையையும் எழுதிவிடுகிறேன், நீ அப்போது சின்னப் பையன். புரை விழுந்து இரண்டு வருஷம் சுவரைத் தடவித்தான் நடந்தது. ஊருக்குக் கண் முகாம் வந்தது. அரவிந்த் ஆஸ்பத்திரி பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரிலேயே இறக்கிவிட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. கட்டுப் பிரித்த அன்றைக்கு நான்தான் பக்கத்தில் இருந்தேன். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை, தன் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, "ஏத்தா, என் கையி இம்புட்டுச் சுருங்கிப்போச்சா?" என்றது. வீட்டுக்கு வந்து மறுவாரமே அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியை டாக்டர் வெங்கடசாமி 1976இல் ரிட்டயர் ஆன பிறகு 11 படுக்கையோடு தொடங்கினாராம். முடக்குவாதத்தில் அவருக்கு விரலெல்லாம் கோணிப்போயிருந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏழைக்குக் கட்டாது என்று 1992இல் மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். லென்ஸ் விலை இறங்கினால் நாட்டு வருமானத்தில் அந்தத் தொகை சின்னதாகத்தான் தெரியும். அப்பத்தாவுக்குக் கிடைத்தது கண்.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு இன்னும் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயசுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 55 சதவீதம், 2019-21இல் 53.4. அந்த நாலைந்து வருஷத்தில் எத்தனை பாலம், எத்தனை மால். பாதிக்கு மேல் பெண்களுக்கு ரத்தம் மட்டும் ஏறவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம், இல்லையென்று சொல்லவில்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்குக் குழம்பில் என்ன மிஞ்சுகிறது என்பதை எந்த மாத்திரை சரிசெய்யும்?

சுரங்க விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், 2025 ஜனவரி 7ஆம் தேதி சுரங்கம் வேண்டாம் என்று மேலூரிலிருந்து மதுரைக்குப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, முட்டி வலியோடு ஏன் போனாய் என்று திட்டுவாய். அந்த டங்ஸ்டன் ஏலத்தில் போனது 2,000 ஹெக்டேருக்கு மேல். அதற்குள் அரிட்டாபட்டிக் குன்றுகளும் வந்தன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசாங்கமே அறிவித்த இடம். குடைவரைக் கோயில், தமிழி என்கிற பழங்காலத் தமிழ் எழுத்து எல்லாம் இருக்கட்டும், அந்தக் குன்றுகளில் விழுகிற மழைதான் சுனையாகி, ஓடையாகிக் கண்மாய்க்கு வருகிறது. ஜனவரி 23ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்தார்கள். அன்றைக்கு ஊரில் வெடி வெடித்ததை நீ வீடியோவில் பார்த்திருப்பாய்.

ஒன்று மட்டும் நீ சொன்னதில் எனக்குப் பதில் இல்லை. வெடி வெடித்த பையன்களில் பாதிப்பேர் பொங்கல் லீவுக்கு வந்தவர்கள். திருப்பூரிலும் சென்னையிலும்தான் அவர்களுக்குச் சோறு. உன்னையே நான் பெங்களூரில்தானே வைத்திருக்கிறேன். இங்கே வேலை வேண்டும், சத்தியமாக வேண்டும். ஆனால் குவாரி ஒரு தடவை வந்து போனதைப் பார்த்தவள் நான். வேலை போய்விட்டது, பள்ளம் இருக்கிறது, பச்சைத் தண்ணீர் தேங்கி. அதனால் அடுத்து யாராவது வளர்ச்சி என்று சொல்லிக்கொண்டு வந்தால், அட்டையைக் காட்டு, யாருடைய கோடு ஏறும் என்று கேட்கத்தான் செய்வேன்.

அப்புறம், முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். போன மாதம் நீ சம்பளம் எத்தனை சதவீதம் கூடியது, பிளாட் இ.எம்.ஐ. எவ்வளவு, அந்த ஏரியாவில் சதுரஅடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எல்லாம் விவரமாகச் சொன்னாய். பாப்பா எடை எவ்வளவு என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்காம்மா" என்றாய். மருமகளிடம் கேட்டேன், அவள் ஆயாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வர மணி எட்டரை ஆகிறது, உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

பழைய பெட்டியில் எழுதாத அட்டை ஒன்று இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன், சுண்டைக்காய் வத்தல் பார்சலில் அடியில் பார். பக்கத்தில் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ தராசு இருக்கும். சனிக்கிழமை நீயே தூக்கிக்கொண்டு போ, ஆயாவை அனுப்பாதே. செருப்பைக் கழற்றிவிட்டு நிறுத்து. அழுதால் மூச்சை இழுக்கிற நேரம் பார்த்துப் படி. தேதி போட்டுப் புள்ளி வைத்து, போனில் படம் எடுத்து அனுப்பு. அடுத்த மாதமும் அதே தேதிக்குக் கேட்பேன்.

அம்மா