தங்க நிற டிரில் பிட்டுக்கு ஹால்மார்க் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மொட்டை மாடியிலோ வாசல் ஓரத்திலோ ஒரு வைஸை மாட்டி இரும்பு வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். கிரில், டேங்க் ஸ்டாண்டு, வண்டி ரிப்பேர் என்று எதை எடுத்தாலும் துளை போட்டாக வேண்டும். அதற்காக முதலில் வாங்குவது பெரும்பாலும் 19 டிரில் பிட் (துளை போடும் முறுக்குக் கம்பி) அடங்கிய தங்க நிற செட். காசு கரைவது அங்கேதான் ஆரம்பம்.

அந்த செட்டில் 1 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை அரை அரை மி.மீ. ஏற்றத்தில் பிட்டுகள் இருக்கும். 1, 1.5 எல்லாம் கை டிரில்லில் கொஞ்சம் சாய்ந்தாலே முறிந்துவிடும். பட்டறைக்கு உண்மையில் வேண்டியது மரை போடுவதற்கு முன் துளைக்கும் அளவுகள்: எம்4 (4 மி.மீ.) போல்ட்டுக்கு 3.3, எம்5-க்கு 4.2, எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. இந்த ஐந்தில் அரை மி.மீ. செட்டில் கிடைப்பது 5-உம் 8.5-உம் மட்டுமே. செட்டுக்குக் கொடுக்கும் பணத்தை இந்த ஐந்தை உதிரியாக வாங்கப் போடலாம். 3.3-இல் இரண்டாக வாங்குங்கள், 3.2 மி.மீ. பாப் ரிவெட்டுக்கும் (தகடுகளைச் சேர்க்கும் ஆணி) அதுவேதான். பாரிமுனையில் லிங்கி செட்டித் தெருவுக்கு ஒரு நடை போய்வருவது வீண்போகாது. அடிசன், மிராண்டா போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளே வீட்டுப் பட்டறைக்குத் தாராளம்.

தங்க நிறம் என்பது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, அதுவும் சில மைக்ரான் கனம்தான். முனையில் சாணை பிடித்தவுடன் அந்த இடத்தில் போய்விடும். உள்ளே இருக்கும் எஃகுதான் பேசும். நகை வாங்கும்போது ஹால்மார்க் தேடுகிற நாம் இங்கே நிறத்தைப் பார்த்தே ஏமாறுகிறோம். ஷாங்கில் (டிரில் பிடிக்கும் வால் பகுதி) கம்பெனிப் பெயரும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையையும் நம்ப முடியாவிட்டால் முனையை கிரைண்டரில் லேசாகத் தொடுங்கள். மங்கலான செம்மஞ்சள் பொறி குட்டையாக வந்தால் எச்.எஸ்.எஸ். மத்தாப்பு போல வெள்ளையாகப் பூப்பூவாக வெடித்தால் வெறும் கார்பன் எஃகு. சூடு 200 டிகிரியைத் தாண்டினாலே அது இளக ஆரம்பிக்கும், எச்.எஸ்.எஸ். 600 டிகிரி வரை தாங்கும்.

கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ். பிட் (எம்35 ரக எஃகில் 5 சதவீதம், எம்42-இல் 8) சூட்டை இன்னும் தாங்கும், ஆனால் வளையாது, படக்கென்று ஒடியும். டிரில் பிரஸ் (ஸ்டாண்டில் நிற்கும் டிரில்) வைத்திருப்பவர் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலைக்கு வாங்கலாம். கை டிரில்காரருக்கு கோபால்ட் இல்லாத சாதா எம்2 ரக எச்.எஸ்.எஸ். பிட்டுதான் லாபம்.

எந்த பிட்டானாலும் அதைக் கொல்வது வேகம். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) பிளேட்டுக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 318-ஆல் பெருக்கி பிட்டின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும்: 6 மி.மீ.க்கு சுமார் 1,300, 10 மி.மீ.க்கு 800. எஸ்.எஸ்.ஸுக்கு 10 மீட்டர்தான், அதாவது 6 மி.மீ. பிட்டை 530 சுற்றில் ஓட்ட வேண்டும். சின்ன கை டிரில்லின் சுவிட்சை முழுக்க அழுத்தினால் 2,600-க்கு மேல் சுற்றும். பிட்டின் ஓர மூலைகள் நீலம் பாய்ந்து மழுங்குவது இதனால்தான். எஸ்.எஸ்.ஸில் இன்னொரு வில்லங்கம்: அழுத்தாமல் தேய்க்க விட்டால் அந்த இடமே இறுகிவிடும், பிறகு எந்த பிட்டும் இறங்காது. மெதுவான சுற்று, விடாத அழுத்தம், சொட்டுச் சொட்டாக கட்டிங் ஆயில். 10 மி.மீ. துளைக்கு முன்னோட்டத் துளை 3 மி.மீ. போதும். 8 போட்டுவிட்டு 10 போட்டால் மூலைகள் மட்டும் வெட்டிச் சிதறும். பிளேட்டுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். துளை மறுபக்கம் திறக்கும் நேரத்தில் கையைத் தளர்த்துங்கள், பிட் முறிவது அதிகமும் அப்போதுதான்.

மழுங்கிய பிட்டைத் தூக்கி எறிவதுதான் பெரிய நஷ்டம். சாணை பிடித்தால் மறுபடி மறுபடி உழைக்கும். முனைக் கோணம் 118 டிகிரி. அளக்கக் கருவி வேண்டாம்: ஒரே அளவுள்ள இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வைத்தால் நடுவில் வரும் பள்ளம் 120 டிகிரி, முனை அதில் பொருந்தினால் சரி. வெட்டுவாய்க்குப் பின்னால் 8 முதல் 12 டிகிரி சரிவு தேவை. சரிவு குறைந்தால் பிட் தேய்க்குமே தவிர வெட்டாது, மேலும் அழுத்தினால் நடுவே பிளக்கும். கூடினால் வாய் பொடியும். இரண்டு வாயும் சம நீளமா என்பதைத் துளையே சொல்லும்: இருபுறமும் சுருள் வந்தால் சமம், ஒரு புறம் மட்டும் வந்தால் துளை பெரிதாகும். சூடேறிய எச்.எஸ்.எஸ். பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். தானாக ஆறட்டும். நம் கடற்கரைக் காற்றுக்கு, வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதும் அவசியம்.

சாணை பிடிப்பதைக் கட்டுரை படித்துக் கற்க முடியாது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் இதைக் கற்றுத் தருகிறார்கள். வடசென்னை அரசு ஐ.டி.ஐ. சனிக்கிழமை மாலைகளில் வெளியாருக்கும் இரண்டு மணி நேரம் கட்டணப் பயிற்சியாக நடத்த முன்வரலாம். வருகிறவர்கள் மழுங்கிய பிட்டுகளைத் தாங்களே கொண்டுவருவார்கள். கிரைண்டரும் ஆசிரியரும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
வியாசர்பாடி