பெட்டிக்குள் என்ன போடுவதென்று கேட்டாயே

அன்பு மகள்,

பழைய உடுப்பு இரண்டு பெட்டி கட்டி அனுப்பட்டுமா என்று நேற்றுக் கேட்டாய், ஃபோனில் சரியாகச் சொல்ல முடியவில்லை. வேண்டாம் மகள். நம் கல்லடி வீட்டு விறாந்தையில் இப்போதே ஆறு உரப்பை சேலை கிடக்கிறது. வீடில்லாமல் பஸ் நிலையத்திலும் மாமாங்கத்துப் பக்கமும் படுக்கிற பெண்களிடம் போய்க் கேட்டால் யாரும் சேலை கேட்பதில்லை, உள்ளாடைதான் கேட்கிறார்கள், அதையும் கிட்ட வந்து மெதுவாக.

2004 டிசம்பர் 26 உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, ஆறு வயது. பௌர்ணமிப் போயா நாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். மூன்றாம் நாள் லொறியில் உடுப்பு வந்து குவிந்தது, அதில் ஒரு உள்பாவாடைகூட இல்லை. எனக்கு அன்றைக்கென்று மாதவிலக்கு. கிடைத்த சேலையைக் கிழித்துச் சமாளித்தேன், ஆனால் அலசியதைக் காயப்போட அத்தனை ஆட்களுக்கு நடுவில் ஒரு மறைவில்லை, ஈரத்தோடேயே திரும்பக் கட்டினேன். பேட் எதற்கு, துணி போதாதா என்று இங்கே சிலர் கேட்கும்போது எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. துணி பாவிக்கத் தண்ணீர் வேண்டும், கொடி வேண்டும், சாத்த ஒரு கதவு வேண்டும்.

நம் மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. பஸ் நிலையத்தில் ஓர் அம்மா இருக்கிறார், என் வயதுதான். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாராம், பிறகு அது கடனுக்கு விலைபோய்விட்டது. அவ்வளவுதான் சொன்னார், நானும் மேலே கேட்கவில்லை. சவர்க்காரம் கொடுத்தேன். உறையைப் பிரித்து மூக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார், அப்புறம் இதைப் பாதியாக வெட்டித் தாறீங்களா என்றார். நனைந்த முழுக்கட்டி பைக்குள் கரைந்து மாற்றுடுப்பையும் நாசமாக்கிவிடுமாம். இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது சின்னக் கட்டியாக வாங்கி, மூடி போட்ட பெட்டியோடு கொடுக்கிறோம். பையும் அப்படித்தான், சிப் உள்ளதாக வேண்டும், இரவில் அதைத்தான் தலைக்கு வைக்கிறார்கள், அடையாள அட்டையும் மருந்துத் துண்டும் அதற்குள்தான் இருக்கும்.

அதனால் நீ காசாக அனுப்பு. பெட்டி அனுப்புகிற கூலிக்கே காத்தான்குடிக் கடைகளில் எவ்வளவோ வாங்கலாம். உள்ளாடை புதிதாகத்தான் வாங்குவேன், பாவித்ததை யார் தந்தாலும் எடுக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை போய் ஒவ்வொருவரிடமும் அளவு கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். மாரி தொடங்கப் போகிறது, செருப்பும் நுளம்புத்திரியும் அதற்கு முன் வேண்டும்.

உன் அலுமாரியில் அந்த நீலக் குடை இருக்கிறது, கம்பி ஒன்றும் முறியவில்லை. அந்த அம்மாவுக்குக் கொடுக்கட்டுமா? நீ சொன்னால் வெள்ளிக்கிழமையே கொண்டுபோகிறேன்.

அம்மா