ஆண்டறிக்கை 2024: பார் மீன் பிடிப்பும் கணக்குக் கொடுத்தலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது. கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது, புளோரிடா மாநிலம் பார் மீன் (கடலடிப் பாறைத் திட்டுகளில் வாழும் மீன்) பிடிக்கும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களிடம் கேட்கும் கணக்குத்தான். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே.

முதலில் விதி. 2015இல் மெக்சிகோ வளைகுடாக் கரைக்கு மட்டும் தொடங்கிய கணக்கெடுப்பு, 2020 ஜூலை 1 முதல் அட்லாண்டிக் கரையையும் சேர்த்து மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. சொந்தப் படகிலோ நண்பர் படகிலோ போய்க் குறிப்பிட்ட 13 வகை மீன்களில் எதையேனும் பிடித்து வைத்துக்கொள்ள நினைக்கும் ஒவ்வொருவரும் 'மாநிலப் பார் மீன் தூண்டில்காரர்' என்று பதிந்துகொள்ள வேண்டும். சங்கரா (ஸ்னாப்பர்) இனத்தில் ரெட், வெர்மிலியன், மட்டன், யெல்லோடெயில் என நான்கு. களவாயில் காக், பிளாக், ரெட் என மூன்று. கிரேட்டர் ஆம்பர்ஜாக், லெஸ்ஸர் ஆம்பர்ஜாக், ஆல்மாக்கோ ஜாக், பேண்டட் ரடர்பிஷ். இவற்றோடு கிரே டிரிகர்பிஷ் என்கிற கிளாத்தியும் ஹாக்பிஷும். ஹாக்பிஷை ஈட்டியால் குத்தி எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். தூண்டில் போட்டால்தான் பதிவு என்பதில்லை.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் 12 மாதத்தில் காலாவதியாகிவிடும். உறுப்பினர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஐந்தாண்டு உரிமமோ ஆயுள் உரிமமோ வைத்திருப்பவர், உரிமம் செல்லுபடியாகிறது, பதிவும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டும் வேறு வேறு. 65 வயது கடந்த மாநிலவாசிகளுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. பார் மீன் பதிவு தேவை. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் படகில் பயணியாகப் போகிறவருக்கும், கரையிலோ பாலத்திலோ நின்று தூண்டில் போடுபவருக்கும் பதிவு வேண்டியதில்லை. படகோட்டி பதிந்திருந்தால் மற்றவர்களுக்கும் சேர்த்து என்ற எண்ணமும் பிழை. பதிவு ஆளுக்கு, படகுக்கு அல்ல.

இனி, பதிந்துவிட்டால் கடமை முடிந்தது என்ற நினைப்பைப் பற்றி. பதிவு என்பது ஒரு பெயர்ப்பட்டியல், அவ்வளவே. அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு மாதமும் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து மாநிலத்தின் மீன், வனவிலங்கு ஆணையம் அஞ்சலில் கேள்வித்தாள் அனுப்புகிறது. மொத்தம் எத்தனை பயணங்கள் நடந்தன என்பது அதிலிருந்து வருகிறது. ஒரு பயணத்துக்கு எத்தனை மீன் என்பது படகுத்துறையில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடமிருந்து வருகிறது. இரண்டையும் பெருக்கினால் மாநிலத்தின் பிடிப்பு. ஒரு பக்கம் கோணினால் பெருக்கல் தொகையும் கோணிவிடும்.

அஞ்சல் பக்கம் கோணுவதற்கு முதற்காரணம், கடலுக்கே போகாதவர் தாளைக் குப்பையில் போடுவது. 'நான்தான் போகவில்லையே, என்னத்தை எழுத' என்று இவ்வாண்டுக் கூட்டங்களிலேயே பலமுறை கேட்டாயிற்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 பேருக்குத் தாள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் ஆளுக்கு 2 முறை கடலுக்குப் போனார்கள். 60 பேர் போகவில்லை. உண்மையில் 80 பயணம், சராசரி 0.8. போன 40 பேரும் ஆர்வத்தோடு விடை எழுதி, போகாதவர்களில் 10 பேர் மட்டும் எழுதினால், 50 விடைகளில் 80 பயணம். சராசரி 1.6 ஆகிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. பிடிப்பு மட்டும் காகிதத்தில் இரட்டித்துவிட்டது. ஆண்டுக்குப் பிடிக்க அனுமதித்த ஒதுக்கீடு அந்த வேகத்தில் தீர்ந்ததாகக் கணக்காகும், பருவ நாட்கள் சுருங்கும். கணக்காளர்கள் இதைச் சரிக்கட்ட முயலாமல் இல்லை. ஆனால் வராத விடையை எந்தக் கணிதமும் முழுதாக ஈடுசெய்யாது. பூச்சியம் எழுதிய தாள்தான் நம் பருவத்தைக் காக்கும் தாள்.

இரண்டாவது கோணல், மாதம் மாறுவது. ஜூன் மாதத் தாளில் மே கடைசி வாரப் பயணத்தையும் சேர்த்து எழுதுவது இயல்பான மறதி. நல்ல வேட்டை நினைவில் நெருங்கி நிற்கும், வெறுங்கையோடு திரும்பிய நாள் நழுவிவிடும். மூன்றாவது, 5, 10 என்று முழுமையாக்கி எழுதுவது. நான்காவது, படகில் இருந்த எல்லோருக்குமாக ஒருவர் எழுதுவது. தாள் கேட்பது பெயர் உள்ளவரின் பயணத்தை. வாடகைப் படகுப் பயணத்தை இதில் சேர்க்கவே கூடாது, அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. வீடு மாறியவர்கள் உரிமக் கணக்கில் முகவரியை மாற்றாவிட்டால் தாள் பழைய வீட்டுக்குப் போய், 'பதில் இல்லை' என்ற பட்டியலில் நம் பெயர் ஏறும்.

படகுத்துறைப் பக்கம். அங்கே நிற்பவர் உயிரியலாளர். காவல் அதிகாரி அல்லர். கேள்விக்கு விடை சொல்வது நம் விருப்பம். பதிவு இருக்கிறதா என்றும் அவர் கேட்பார், தண்டம் போட அல்ல. அஞ்சல் பட்டியலுக்கு வெளியே எத்தனை பேர் மீன் பிடிக்கிறார்கள் என்று கண்டு, மொத்தத்தை அந்த அளவுக்கு உயர்த்துவதற்காக. பதியாமல் போகிறவர் கணக்கில் வராமல் தப்பிவிடுவதில்லை. பெருக்கும் எண்ணாகத் திரும்பி வருகிறார்.

அவர் மீனை அளப்பார், நிறுப்பார், சிலவற்றின் தலையைத் திறந்து காதுக்கல்லை எடுப்பார். மர வளையம்போல அதில் வயது தெரியும். பார் மீனைத் தலையும் துடுப்பும் அப்படியே இருக்க முழுசாகக் கரை சேர்க்க வேண்டும் என்பது விதியும்கூட. கடலிலேயே துண்டு போட்டுவிட்டு வந்தால் விதிமீறல், கல்லும் போய்விடும். கரையில் வெட்டும் மேசைக்குக் கொண்டுபோன பிறகும் தலையைத் தண்ணீரில் வீசுமுன் ஒரு நிமிடம் பொறுத்தால் அவர் வேலை நடக்கும்.

மீனினம் தவறாகச் சொல்வது தனிப் பிரச்சினை. காக் களவாயின் உடம்பில் முத்தமிட்ட தடம்போன்ற வளைவுக் குறிகள் இருக்கும். பிளாக் களவாயில் செவ்வகப் பெட்டி போன்ற திட்டுகள். பெட்டியா வளைவா என்று மயங்கினால் விரலை வைத்துப் பாருங்கள்: செவுள் மூடியின் முன்தட்டில் ஒரு பள்ளமும் ரம்பப் பல்லும் தட்டுப்பட்டால் காக்; வழுவழுப்பாக வளைந்து போனால் பிளாக். வளைகுடாவின் காக் பருவம் 2024இல் செப்டம்பர் முற்பாதியோடு முடிந்துவிட்டதால், அதன்பின் இந்த ஓர் அடையாளம் தெரியாமல் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போன மீன் குற்றமாகவும் கணக்குப் பிழையாகவும் ஒருங்கே ஆனது. குட்டி ரெட் ஸ்னாப்பரையும் வெர்மிலியனையும் பிரிக்கக் குதத் துடுப்பைப் பார்க்கவும்: ரெட்டில் கூர்முனை, வெர்மிலியனில் உருண்டை. ஜாக் குடும்பம்தான் தலைவலி. வளைகுடாவில் கிரேட்டர் ஆம்பர்ஜாக் வால் கவை வரை 34 அங்குலம் இருக்க வேண்டும். லெஸ்ஸரும் ரடர்பிஷும் 14 முதல் 22 அங்குலத்துக்குள். எனவே குட்டி கிரேட்டரை ரடர்பிஷ் என்று நம்பி வைத்துக்கொள்வது வழக்கமான தவறு. சந்தேகம் தீராத ஜாக்கை விட்டுவிடுவதே வழி.

விட்ட மீனும் கணக்குத்தான். ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய்வழியே பிதுங்கி, கண் துருத்தி வரும். அப்படியே விட்டால் மேற்பரப்பில் மிதக்கும். பறவைக்கோ சுறாவுக்கோ இரை. அதனால்தான் டிசெண்ட் சட்டம் 2022 ஜனவரி முதல் வளைகுடாவின் கூட்டரசுக் கடலில் மீனை மீண்டும் ஆழத்துக்கு இறக்கும் கருவியையோ, காற்றை வெளியேற்றும் துளையூசியையோ உடனே பயன்படுத்தத்தக்க நிலையில் படகில் வைத்திருக்கச் சொன்னது. இறக்கும் கருவிக்குக் குறைந்தது 16 அவுன்ஸ் ஈயமும் 60 அடி கயிறும் வேண்டும். கீழ்த்தாடையைக் கவ்வும் வகைக் கருவி எளிது. பெரிய களவாய்க்கு 16 அவுன்ஸ் போதாது, மீன் ஈயத்தையும் சேர்த்து மிதக்கும், எடையைக் கூட்ட வேண்டும். கருவி பெட்டிக்கு அடியில் கிடந்தால் 'தயார் நிலை' ஆகாது. இந்த வேலைக்கென்று ஒரு பழைய தண்டும் சுருளும் ஒதுக்கிக் கட்டி வைத்திருப்பவர்களே உண்மையில் பயன்படுத்துகிறார்கள். ஊசி என்றால் உள்துளை உள்ள 16 கேஜ் ஊசி. மார்புத் துடுப்பின் அடியிலிருந்து ஓரிரு அங்குலம் பின்னால், செதிலுக்கு அடியே 45 பாகைச் சாய்வில் செலுத்த வேண்டும். வாயில் பிதுங்கி நிற்பதைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்துகிறார்கள். அது இரைப்பை, குத்தவே கூடாது.

இத்தனை கெடுபிடி ஏன் என்று கேட்போருக்குப் பழைய கதையைச் சுருக்கமாக. கூட்டரசின் பொதுக் கணக்கெடுப்பு இரண்டிரண்டு மாதக் கட்டங்களாக மதிப்பீடு தந்துவந்தது. சில வாரங்களில் முடிந்துவிடும் பருவத்துக்கு அது பொருந்தவில்லை. 2017இல் வளைகுடாக் கூட்டரசுக் கடலில் தனியார் படகுகளுக்கு ரெட் ஸ்னாப்பர் பருவம் முதலில் 3 நாள் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு 39 நாள் கூட்டப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். மாநிலங்கள் தாமே கணக்கெடுக்கத் தொடங்கியதும், 2020 முதல் தனியார் படகு ரெட் ஸ்னாப்பர் மேலாண்மை ஐந்து வளைகுடா மாநிலங்களின் கைக்கு வந்ததும் இதன் தொடர்ச்சி. 2024இல் புளோரிடா வளைகுடாவில் ஜூன், ஜூலை முழுவதும், பின் இலையுதிர் கால வார இறுதிகளும் சேர்த்து 103 நாள் கிடைத்தன. ஆளுக்கு 2 மீன், 16 அங்குலம் என்ற வரம்பு மாறவில்லை.

ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் அளவுகோல் வேறு. அலபாமா 2014 முதல் ஸ்னாப்பர் செக் முறையில் ஒவ்வொரு படகுப் பயணத்தையும் மீனை இறக்குமுன் தெரிவிக்கச் சொல்கிறது. மிசிசிப்பியின் டெயில்ஸ் அண்ட் ஸ்கேல்ஸில் கிளம்புமுன்பே பயண எண் வாங்க வேண்டும். பழைய பயணத்தை முடித்துக் கணக்குக் கொடுக்காமல் புது எண் கிடைக்காது. டெக்சாசின் ஐஸ்னாப்பர் செயலியில் தெரிவிப்பது விருப்பத்தின் பேரில். இந்தக் கணக்குகளைக் கூட்டரசுக் கணக்கோடு ஒப்பிட 2023 தொடக்கத்தில் வந்த விகிதங்களில் அலபாமாவுக்கு 0.4875, மிசிசிப்பிக்கு 0.3840, புளோரிடாவுக்கு 1.0602. அவை பின்னர் திருத்தமும் கண்டன. அலபாமாக்காரர்கள் கொதித்ததில் வியப்பில்லை: ஒதுக்கீட்டை அந்த விகிதத்தால் பெருக்கியதில், அவர்கள் அளவுகோலில் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கூட்டரசின் அஞ்சல் கணக்கும் குற்றமற்றது அல்ல. கேள்விகளின் வரிசையை மாற்றிப் பார்த்த சோதனையில் மதிப்பீடு 30 முதல் 40 விழுக்காடு குறைந்ததை, கூட்டரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா 2023இல் வெளியிட்டது.

புளோரிடாவும் ஒவ்வொரு பயணத்தையும் கட்டாயமாகத் தெரிவிக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் செயற்குழு முன் வந்தது. செயற்குழு அதை ஏற்கவில்லை. காரணம் பதிவாக வேண்டும். கட்டாய அறிவிப்பு தனியாக நிற்காது. துறையில் பார்த்த 100 படகுகளில் 50 மட்டுமே தெரிவித்திருந்தால், தெரிவிக்கப்பட்ட 20,000 மீனை 40,000 என்று கொள்ள வேண்டும். அந்த 50ஐக் கண்டுபிடிக்கத் துறையில் ஆள் வேண்டும். மிசிசிப்பியின் கரை சிறியது, படகு இறக்கும் சரிவுகள் எண்ணத்தக்கவை. இங்கே இரண்டு கரை, வீட்டுக்குப் பின்புறமே சொந்தத் துறை வைத்திருப்போர் ஏராளம். அங்கே கணக்கெடுப்பாளர் நுழைய முடியாது. சரிபார்ப்பு இல்லாத கட்டாயம் நேர்மையானவர்களின் பெயர்ப்பட்டியலாக முடியும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பொதுக்குழுவில் பேசலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது ஒரு படகேடு. நனையாத தாளில், பயணத்துக்கு ஒரு வரி: தேதி, கிளம்பிய துறை, ஆட்கள், தூண்டில் போட்ட மணி நேரம், ஆழம், இனவாரியாக வைத்தது, இனவாரியாக விட்டது, விட்ட விதம். கடைசிக் கட்டத்தில் 'இறக்கியது', 'ஊசி', 'நேராக நீந்தியது', 'மிதந்தது', 'சுறா பறித்தது' என்று ஐந்தில் ஒன்று. கரைக்கு வரும் வழியிலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதுவது நினைவு, கணக்கு அல்ல. கடலுக்குப் போகாத மாதத்துக்கும் 'இல்லை' என்று ஒரு வரி. தாள் அஞ்சலில் வரும் நாளில் இந்த ஏட்டைப் பார்த்தே எழுதலாம்.

பதிவு முடியும் தேதியை உறுப்பினர் அட்டையின் பின்புறத்தில் எழுதித் தரும் வேலையைத் துணைச் செயலாளர் ஏற்றிருக்கிறார். இன்று கையோடு அட்டை கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்